குத்தாமல் சர்க்கரை காட்டும் கடிகாரம்

கேள்வி: என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். விரலில் குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்; திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறும். அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை கரைந்திருப்பது மிகச் சிறிய அளவு. தண்ணீர், புரதம், கொழுப்பு இவற்றுக்கு நடுவே அதை மட்டும் ஒளியால் பிரித்தறியப் பெரிய நிறுவனங்களே பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அடிக்கடி குத்துவதுதான் சிரமம் என்றால், மேல்கையில் ஒட்டும் சென்சார் இருக்கிறது. மயிரிழை போன்ற கம்பி தோலுக்கடியில் தங்கி, திசுநீரில் உள்ள சர்க்கரையை அளக்கும். ஒன்றிரண்டு வாரம் உழைக்கும், விலை கூடுதல்தான். அப்பாவின் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை குளுக்கோமீட்டரை விட்டுவிடாதீர்கள்.