துரியோதனனுக்கு என்ன நிறம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பு விழாவில் கூத்துப் பாணியில் துரியோதனன் வேஷம் போடுகிறேன். ஒப்பனையை எப்படித் தொடங்குவது?
– வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: முகத்தைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணன் என்றால் பச்சை. அந்த நிறப் பொடியை எண்ணெயில் குழைத்து நெற்றியிலிருந்து தாடைவரை சீராகப் பூசுங்கள். பிறகு கருமையால் புருவம், மீசை. கடைசியில் கன்னத்திலும் புருவத்தின் மேலும் வெள்ளைப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளில் அவசரப்படாதீர்கள், இரவு வெளிச்சத்தில் தூரத்துக் கண்ணுக்கு முகபாவத்தைக் கொண்டுபோவது அவைதான். முன்பு இந்த ஒப்பனைக்குப் பயன்பட்ட அரிதாரக் கல் ஆர்சனிக் கலந்த தாது. அதைத் தேடிப் போகவே வேண்டாம், தோலுக்கென்று விற்கும் நிறங்களே போதும்.

ஜப்பானின் கபுகி நாடகத்திலும் முதலில் மெழுகுத் தைலம், அதன்மேல் வெள்ளை, பிறகு கோடுகள். ஆனால் அங்கே சிவப்புக் கோடு வீரமுள்ள நாயகனுக்கு, நீலம் வில்லனுக்கு.

கூத்து ஒப்பனையை நேரில் பார்க்க வேண்டுமானால், கோடையில் காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ஆட்டம் தொடங்குமுன்பே போய், அனுமதி கேட்டு ஓரமாக உட்காருங்கள். கலைஞர்கள் கையில் கண்ணாடி பிடித்துத் தங்கள் முகத்தைத் தாங்களே எழுதுவார்கள். அந்தக் கை ஓட்டத்தை அவசியம் பாருங்கள்.