குலைநோய்ப் பூசணத்தின் வாழ்க்கை

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் ஆயக்கட்டில் சம்பாவும் நவரையும் அடுத்தடுத்துப் பயிராகும். சம்பா அறுவடைக்கும் நவரை நாற்றங்காலுக்கும் இடையே அதிக நாள் இடைவெளி இராது. பனி இறங்கும் இப்பருவமே நெல்லைத் தாக்கும் குலைநோய்க்கு ஏற்ற காலம். தமிழகத்தில் 1918-ஆம் ஆண்டிலேயே தஞ்சைப் பகுதியில் காணப்பட்ட பழைய நோய் இது.

இதை உண்டாக்குவது 'பைரிகுலேரியா ஒரைசே' என்னும் இழைப்பூசணம். இதன் வாழ்க்கையை அறிந்துகொண்டால், நோயை எங்கே தடுக்கலாம் என்பதும் விளங்கும்.

வித்து முளைத்தல்

பூசணத்தின் வித்து பேரிக்காய் வடிவமுடையது. மூன்று அறைகள் கொண்டது. காற்றில் வந்து இலைமேல் விழுந்ததும், நுனியிலுள்ள பசையால் ஒட்டிக்கொள்ளும். இலையில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்தில் முளைக்குழல் விடும். குழலின் முனை உப்பி, கருநிறக் குமிழாகும். குமிழுக்குள் உண்டாகும் அழுத்தம், மோட்டார் கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்கு. அந்த வேகத்தில் ஒரு நுண்ணிய முளை இலைத்தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. கருமைப் பொருள் இல்லாவிட்டால் குமிழில் அழுத்தம் நிற்காது. டிரைசைக்ளசோல் என்னும் மருந்து இப்பொருள் உண்டாவதையே தடுக்கிறது.

இனப்பெருக்கம்

உள்ளே சென்ற பூசணம் இழைகளாகப் பரவுகிறது. நாலைந்து நாட்களில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தெரியும். நடு சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். ஈரமான இரவுகளில் ஒரு புள்ளியிலிருந்தே ஆயிரக்கணக்கான வித்துக்கள் கிளம்பும். ஒவ்வொரு வித்தும் அடுத்த சுற்றைத் தொடங்கும். இது பாலிலா இனப்பெருக்கம். இருவகைப் பூசணங்கள் இணையும் பாலினப் பெருக்கத்தை ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டுள்ளனர். ஆனால் வயலில் நோய் பரவுவது பெரும்பாலும் பாலிலா வித்துக்களால்தான்.

கதிர் வெளிவரும்போது கழுத்துக் கணுவைத் தாக்கினால் இழப்பு பெரிது. கணு கறுத்து, மணி பால் பிடிக்காமல் கதிர் வெண்மையாகிப் பதராகும். ஒரு பருவ உழைப்பும் அதோடு போகும்.

தடுக்கும் வழி

பூசணம் நோயுற்ற தாளிலும் விதையிலும் வரப்புப் புல்லிலும் தங்கி, அடுத்த பயிருக்குத் தாவும். ஆகவே, நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கக் கூடாது. நோயுற்ற தாளை நாற்றங்கால் அருகே குவித்து வைக்கவும் கூடாது. வரப்புப் புல்லைச் செதுக்கிவிட வேண்டும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வது நல்லது. பயிர் கரும்பச்சையாக இருக்க வேண்டுமென்று யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இலை மென்மையாகி நோய்க்கு இடம் கொடுக்கும். பிரித்தே இட வேண்டும். எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூசணம் இலைக்குள் சென்றபின் பட்ட இலை மீளாது. எனவே பனிக்காலத்தில் காலைதோறும் வயலைச் சுற்றி வந்து, முதல் புள்ளியைக் கண்டவுடன் வேளாண்மை விரிவாக்க அலுவலரின் யோசனையைப் பெற்று மருந்து தெளிப்பதே பயிரைக் காக்கும்.