வளைவில் தள்ளுவது யார்?



பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது உங்களை வலப்பக்கம் தள்ளுவது எது என்று கேட்டிருந்தீர்கள். சாலையோரம் நிற்பவரைக் கேட்டால் யாரும் தள்ளவில்லை என்பார்: நீங்கள் நேராகத்தான் போனீர்கள், வண்டிதான் திரும்பியது. நியூட்டனின் விதிகள் முடுக்கமின்றி இருப்பவரின் பார்வைக்குத்தான் அப்படியே பொருந்தும். வண்டிக்குள் உட்கார்ந்தபடி கணக்குப் போடுகிறவர் மையவிலக்கு விசையைச் சேர்த்தால்தான் விடை சரியாக வரும். பாடநூல் இதைப் போலி விசை என்கிறது. உங்களைத் தள்ளும் பொருள் எது என்று காட்ட முடியாது. அதனால் எதிர்விசையும் கிடையாது.

சரி, வண்டியை விட்டு இறங்கினால் தப்பிக்கலாமா? பூமியும் சுழல்கிறதே! சாலையோரத்தில் நிற்பவரின் கணக்கிலும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. 1851இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆடவிட்டார். அது ஆடும் திசை மணிக்குச் சுமார் 11 பாகை வலஞ்சுழியாக விலகிக்கொண்டே போனது. குண்டைப் பக்கவாட்டில் யாரும் தொடவில்லை. அடியில் தரை திரும்பியது. தரையில் நின்று கணக்கெழுதுபவர் இங்கே கொரியாலிஸ் விசை என்ற இன்னொரு போலி விசையைச் சேர்த்தாக வேண்டும்.

துருவத்தில் இந்த விலகல் ஏறக்குறைய ஒரு நாளில் முழுச்சுற்று. நிலநடுக்கோட்டில் அறவே இல்லை. சென்னையில் மணிக்கு மூன்றரைப் பாகைக்கும் குறைவு, ஒரு சுற்றுக்கு நாலு நாளுக்கு மேல். ஃபூக்கோ இங்கே செய்து காட்டியிருந்தால் கூட்டம் பாதியிலேயே வீட்டுக்குப் போயிருக்கும்!

ஆனால் நம் கடலுக்கு அந்தச் சிறு அளவே போதும். தாழ்வழுத்த மையத்தை நோக்கிப் பாயும் காற்று வலப்பக்கம் விலகி விலகி, வங்கக்கடல் புயலை இடஞ்சுழியாகச் சுற்ற வைக்கிறது. இந்த விலகல் இல்லாமல் போகும் நிலநடுக்கோட்டை ஒட்டிப் புயல் பிறப்பது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்றரைப் பாகையில் உருவான வாமெய் புயல் அப்படியோர் அபூர்வம்.

கைகழுவும் தொட்டியில் நீர் சுழல்வதும் இதனால்தானா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை. 1962இல் அமெரிக்காவில் ஆஷர் ஷபிரோ என்ற ஆய்வாளர், பூமியின் சுழற்சி தொட்டி நீரைத் திருப்புவதைக் காட்ட ஆறடி அகலத் தொட்டியில் நீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, மெல்லத் திறந்துவிட வேண்டியிருந்தது. அப்போதும் சுழற்சி கண்ணுக்குத் தெரியப் பல நிமிடம் ஆயிற்று. உங்கள் வீட்டுத் தொட்டியில் குழாய்நீர் எந்தப் பக்கம் விழுந்தது, அடிப்பாகம் எப்படிச் சரிந்திருக்கிறது என்று பாருங்கள். சுழலின் திசை அங்கேயே முடிவாகிவிடுகிறது.