ரொறன்ரோவுக்குக் கிழக்கே டவுன்ஹவுஸ்: கட்டுப்படியாகும் ஊரைக் கண்டுபிடிக்க ஏழு படிகள்

ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்கள் பல, முதல் வீடு வாங்க நினைக்கும்போது 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கே பார்க்கின்றன. பிக்கரிங், ஏஜாக்ஸ், விற்பி, ஓஷாவா என்று போகப் போக டவுன்ஹவுஸ் விலை பொதுவாக இறங்கும். அந்த இறக்கத்தை மட்டும் நம்பி வாங்கினால் பிறகு கையைக் கடிக்கும். விலை ஒருமுறை பேசி முடிப்பது. சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், பயணச் செலவு, இரண்டாவது கார் எல்லாம் விடாமல் வருபவை. ஓர் ஊர் நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதை மாதக் கணக்குத்தான் சொல்லும். அந்தக் கணக்கை ஊர் ஊராகப் போட்டுப் பார்க்கும் முறை இது.

1. எந்த வகை வீடு என்று தெளிவாகுங்கள்

விளம்பரத்தில் எல்லாமே டவுன்ஹவுஸ்தான். ஆனால் 'ஃப்ரீஹோல்ட்' என்றால் வீடும் காணியும் உங்களுடையவை. கூரையும் பனி அள்ளுவதும் உங்கள் பொறுப்பு. 'கொண்டோ டவுன்ஹவுஸ்' என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. இடையில் ஒரு வகை இருக்கிறது: வீடும் காணியும் உங்களுடையவை, உள்வீதியும் விருந்தினர் தரிப்பிடமும் அங்குள்ள எல்லா வீட்டாருக்கும் பொதுவானவை. இதையும் ஃப்ரீஹோல்ட் என்றே விளம்பரம் செய்வார்கள். மாதக் கட்டணம் இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கொண்டோ நிர்வாகம் இருந்தால் 'ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட்' கேட்டு வாங்குங்கள். ஒன்ராறியோ சட்டப்படி அதற்கு அதிகபட்சம் 100 டொலர். 10 நாட்களுக்குள் தர வேண்டும். சேமநிதி போதுமா, வழக்கு ஏதும் உண்டா, கட்டணம் உயரப்போகிறதா என்பவற்றை உங்கள் சட்டத்தரணி அதில் படித்துச் சொல்வார்.

2. கையில் வேண்டிய பணத்தைக் கணக்கிடுங்கள்

முற்பணம், முதல் 5 இலட்சம் டொலருக்கு 5 வீதம். அதற்கு மேல் 15 இலட்சத்துக்குள் உள்ள பகுதிக்கு 10 வீதம். 7 இலட்சம் டொலர் வீட்டுக்கு 45,000 டொலர் ஆகிறது. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவென்றால் கடன் காப்புறுதி கட்டாயம். இந்த எடுத்துக்காட்டில், 25 ஆண்டுக் கடனுக்கு அது 26,200 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். அதன்மீதான 8 வீத மாகாண வரியை, அதாவது 2,096 டொலரை, வீடு கைமாறும் நாளில் கையிலிருந்து கட்ட வேண்டும். பலரும் மறந்துபோகும் செலவு இது.

அடுத்தது காணி மாற்று வரி. 7 இலட்சம் டொலர் வீட்டுக்கு ஒன்ராறியோ வரி 10,475 டொலர். முதல் வீடு வாங்குவோருக்கு 4,000 டொலர் சலுகை. ஸ்காபரோ ரொறன்ரோ நகருக்குள் இருப்பதால் நகரமும் அதே அளவு வரியை இன்னொரு முறை வாங்கும். அங்கே சலுகை 4,475 டொலர் வரை. சலுகை போக ஸ்காபரோவில் 12,475 டொலர் ஆகும். பிக்கரிங் எல்லையைத் தாண்டினால் 6,475 டொலர்தான்.

இன்னும் ஓரிரு ஆண்டு பொறுக்க முடிந்தால், கணவன் மனைவி இருவரும் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கைத் தனித்தனியே தொடங்குங்கள். ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும்போது வரிக்கழிவு கிடைக்கும். வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை.

3. சொத்து வரிப் பற்றுச்சீட்டைப் பாருங்கள்

காணி மாற்று வரியில் மிச்சம் பிடித்ததைச் சொத்து வரி ஆண்டுதோறும் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடும். இந்த நான்கு ஊர்களும் டர்ஹம் பிராந்தியத்தைச் சேர்ந்தவை; இவற்றின் வரி வீதம் ரொறன்ரோவைவிட உயர்ந்தது. வரிக்கான மதிப்பீடு 2016 ஜனவரி 1 அன்றைய விலையை வைத்துப் போடப்பட்டது என்பதால், நீங்கள் கொடுக்கும் விலையைக் கொண்டு வரியை ஊகிக்க முடியாது. அதே வீட்டின் கடந்த ஆண்டுப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். புதிதாகக் கட்டிய வீடானால் முதலில் காணிக்கு மட்டும் வரி வந்து, வீட்டுக்கான வரி பின்னர் மொத்தமாக வரலாம். அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

4. வேலைக்குப் போய்வரும் வழியைப் பரிசோதியுங்கள்

ரொறன்ரோ டவுன்டவுனில் வேலை என்றால் லேக்‌ஷோர் கிழக்கு 'கோ' ரயில் பாதை பெரிய வசதி. நான்கு ஊர்களிலும் நிலையம் உண்டு. 2024 பெப்ரவரி முதல் 'ஒன் ஃபேர்' திட்டத்தால் டர்ஹம் பஸ், கோ ரயில், ரொறன்ரோவின் ரி.ரி.சி. ஆகியவற்றுக்கிடையே மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லை. ஓஷாவாவிலிருந்து ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகம் வரை போகும் 900 இலக்க பல்ஸ் பஸ், மாணவர் உள்ள வீட்டுக்கு உதவும்.

மார்க்கம் நகரில் தொழிற்சாலை வேலை, அதிகாலை ஷிஃப்ட் என்றால் கதையே வேறு. 407 நெடுஞ்சாலையில் பிக்கரிங் புரொக் வீதிக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு 2025 ஜூனில் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு மேற்கே, மார்க்கம் நோக்கி, இன்னும் கட்டணம் உண்டு. உங்கள் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்கு ஏற்றபடி ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். வீட்டில் இரண்டாவது கார் தவிர்க்க முடியாதென்றால் அதன் தவணை, காப்புறுதி, எரிபொருள் மூன்றையும் மாதக் கணக்கில் எழுதுங்கள்.

5. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஊர் பொருந்துமா?

பக்கத்தில் பள்ளி தெரிவதால் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். கல்விச் சபையின் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்து எந்தப் பள்ளி என்று பாருங்கள். வட பிக்கரிங்கின் சீற்றன் போன்ற புதிய குடியிருப்புகளில் வீடுகள் முதலில் வரும். பள்ளியும் பஸ்ஸும் கடையும் பிறகுதான் நிறையும்.

அம்மா அப்பா உங்களோடு இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 'ஸ்ராக்ட்' டவுன்ஹவுஸ் விலை குறைவு. ஆனால் சமையலறைக்குப் போகவே மாடி ஏற வேண்டியிருக்கலாம். மருத்துவர், மருந்துக்கடை, தமிழ்க் கடை, கோயில் அல்லது தேவாலயம் ஆகியவற்றுக்கு அவர்கள் தாங்களாகவே பஸ்ஸில் போக முடியுமா என்று பாருங்கள். ஜனவரிப் பனியில் அந்த நடைபாதையில் அவர்கள் நடப்பதை வைத்துத் தூரத்தை அளவிடுங்கள்.

6. தண்ணீர், தரிப்பிடம், ஒப்பந்தங்கள்

டஃபின்ஸ், கருதர்ஸ், ஹைலண்ட் ஓடைகளுக்கு அருகே விலை குறைவாக ஒரு வீடு கண்ணில் பட்டால், இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தின் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். விலை எழுதிக்கொடுக்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, வெள்ளத்துக்கும் கழிவுநீர் திரும்பி வருவதற்கும் காப்பு கிடைக்குமா, எவ்வளவு என்று கேளுங்கள். இடம் பற்றி இன்னொன்று: பிக்கரிங் அணுமின் நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அயடின் மாத்திரை முன்கூட்டியே வழங்கப்படுகிறது. இது அஞ்சுவதற்கல்ல, அறிந்திருப்பதற்கு.

இரவு ஒன்பது மணிக்கு அந்த வீதிக்குப் போங்கள். ஒரு கராஜும் ஒரு கார் நிற்கும் இடமும் உள்ள வீட்டில் மூன்றாவது கார் எங்கே நிற்கும் என்பது அப்போது தெரியும். வீதியில் இரவுத் தரிப்புக்கு, முக்கியமாகப் பனிக்காலத்தில், என்ன விதி என்று நகரசபையிடம் கேளுங்கள். சுடுநீர்த் தாங்கியும் சூடாக்கியும் வாடகைக்கு எடுத்தவையா என்றும் விசாரியுங்கள். அந்த மாதக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

7. ஒரே தாளில் ஒப்பிடுங்கள்

விற்பனைக்குப் போட்ட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். போட்டியை உண்டாக்க அதைக் குறைத்துப் போடுவது வழக்கம். அதே வீதியில் அண்மையில் உண்மையாக விற்ற விலைகளை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரிசை: கடன் தவணை, சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி, பயணம், வாடகைச் சாதனங்கள். வங்கி உங்களை உண்மையான வட்டியைவிட 2 வீதம் கூட்டி, அல்லது 5.25 வீதத்தில், எது அதிகமோ அதில் பரிசோதிக்கும். தவணை புதுப்பிக்கும்போது வட்டி ஏறினால் தாங்குமா என்று நீங்களும் அப்படியே போட்டுப் பாருங்கள்.

இரண்டு ஊர்கள் கணக்கில் சமமாக நின்றால், வீட்டில் கார் ஓட்டாதவருக்கு எந்த ஊர் வசதியோ அதைத் தேர்ந்தெடுங்கள். கார் உள்ளவர் எந்த ஊரிலும் சமாளிப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளையும் மருந்து வாங்கப் போகும் அம்மாவும் பிறர் கையை எதிர்பாராமல் நடமாடும் ஊரில், இரண்டாவது காருக்குப் போகும் பணமும் வீட்டுக் கடனை அடைக்கவே உதவும்.