பல் அடைப்பும் ஒளியின் பணியும்

பல்லில் சொத்தை விழுந்தால் பிடுங்குவதே வழி என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. சொத்தையை அகற்றிக் குழியை அடைத்துப் பல்லைப் பல ஆண்டுகள் காக்கலாம். ஆயினும், அடைப்பின் விளிம்பு பல்லோடு இடைவெளியின்றி ஒட்டியிருத்தல் வேண்டும். இடுக்கு ஏற்படின் கிருமிகள் புகுந்து, அடைப்பின் அடியிலேயே மீண்டும் சொத்தை உண்டாகக் கூடும்.

இந்நாளில் பெரிதும் வழங்கும் பல் நிற அடைப்பு காம்போசிட் எனப்படும். பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்த குழைவு அது. அதற்கு அடிப்படையான பிசினுக்கு அமெரிக்காவில் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய காம்போசிட்டுகள் பலவற்றில் கலந்துள்ள காம்பர்குவினோன் என்னும் பொருள், சுமார் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை ஏற்றுப் பிசினைக் கெட்டியாக்குகிறது.

கெட்டியாகும்போது அப்பொருள் சுருங்குகிறது. கனஅளவில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை சுருங்குவது வழக்கம். ஈரக் களிமண் பூச்சு காயுங்கால் சுவரை விட்டு விலகி வெடிப்பதை நாம் அறிவோம். அங்கே நீர் வற்றுவதால் நிகழ்வது, இங்கே மூலக்கூறுகள் நெருங்கிப் பிணைவதால் நிகழ்கிறது.

ஆதலின் ஒளியூட்டும் முறையில் மூன்று கவனங்கள் தேவை. முதலாவது, சாதாரணக் காம்போசிட்டை ஒரே தடவையில் நிரப்பாமல், 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே கெட்டியாக்குதல். இரண்டாவது, விளக்கின் முனையை அடைப்புக்கு மிக அருகில், நேராகவும் அசையாமலும் பிடித்தல். முனை விலகினால் மேற்பரப்பு கடினமாயிருப்பினும் அடிப்பகுதி மென்மையாகவே நின்றுவிடும். மூன்றாவது, உரிய நேரம் முழுவதும் ஒளி தருதல். சில விளக்குகள் மங்கலாகத் தொடங்கிப் பின் வலுக்கும். இதனால் இழுவிசை தணிவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் வாயில் அடைப்பின் ஆயுள் கூடுமென்பது உறுதிப்படவில்லை. மொத்த ஒளி குறைந்தால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

சிகிச்சை பெறுவோருக்கும் பொறுப்புண்டு. உமிழ்நீர் படாதிருக்க வாயை மூடாமலும் தலையை அசைக்காமலும் இருத்தல் வேண்டும். நீல ஒளியை நேரே பார்த்தலாகாது. பல் மருத்துவப் பிரிவுகளை நடத்துவோர் விளக்கின் ஒளிவலுவை ஒளிமானியால் அவ்வப்போது அளந்து பார்த்தல் நலம்.

அடைப்பு பழுதானால் ஏழை உழைப்பாளிக்கு மற்றொரு நாள் கூலி நஷ்டம். பல்லில் குழியும் முன்னினும் பெரிதாகும். சில விநாடிகள் ஒழுங்காக ஒளியூட்டுவது இவ்விரண்டையும் தவிர்க்கத் துணைபுரியும்.