பெருவிரல் ஓரத்தில் எலும்பு வளர்கிறதா?

கால் பெருவிரலின் அடிமூட்டில், மற்றக் காலைப் பார்த்த பக்கமாக ஒரு முண்டு துருத்திக்கொண்டு வந்தால், “எலும்பு வளர்ந்திருக்கிறது” என்பதுதான் வீட்டில் எல்லாரும் சொல்வது. கால்சியம் படிந்துவிட்டது என்பார் ஒருவர், கெட்ட நீர் இறங்கியிருக்கிறது என்பார் இன்னொருவர். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: இல்லாத ஏதோ ஒன்று அங்கே புதிதாக முளைத்திருக்கிறது. அது தவறு. அந்த முண்டின் பெரும்பகுதி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் எலும்பின் தலை. வரிசையை விட்டு விலகியதால் வெளியே தெரிகிறது. மருத்துவர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்று சொல்லும் இந்தக் கோளாறு, அடிப்படையில் எலும்புகளின் வரிசை பிசகுவது. இதை ஒப்புக்கொண்டால் செருப்பு, பரம்பரை, பட்டை, அறுவை பற்றிய மற்ற நம்பிக்கைகளையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இது தெளிவாகத் தெரியும். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் முதல் நடுப்பாத எலும்பு உள்பக்கம் சாய்ந்திருக்கும். விரலோ அதற்கு எதிராக இரண்டாம் விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும். விரலின் சாய்வு 15 டிகிரியைத் தாண்டினாலோ, முதல் இரண்டு நடுப்பாத எலும்புகளுக்கு இடையிலான கோணம் 9 டிகிரியைத் தாண்டினாலோ இயல்புக்கு மீறியது என்று கணக்கு. பலருக்கு அந்த எலும்பு சாய்வதோடு, தன் அச்சில் சற்றே உருண்டும் இருக்கும். அதன் தலைக்கு அடியில் தசைநாணுக்குள் பதிந்த இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. படத்தில் அவை இடம்பெயர்ந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அவை ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின்மேல் அமர்ந்திருந்த தலைதான் நழுவிப் போயிருக்கிறது. அந்தத் தலையில் எந்தத் தசையும் வந்து ஒட்டுவதில்லை, சுற்றியுள்ள தசைநார்கள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. உள்பக்கத்துத் தசைநார் தளர்ந்து விரல் ஒருமுறை சாய்ந்துவிட்டால், அதை மேலும் கீழும் அசைக்கும் தசைநாண்கள் வில்லின் நாணைப்போல ஒரு பக்கமாக விறைத்து நின்று, ஒவ்வோர் அடியிலும் அதை இன்னும் சாய்க்கின்றன. தோலுக்கு அடியில் காணும் சிவப்பும் வீக்கமும், வெளியே வந்த தலையைச் செருப்பு உரசுவதால் அங்கிருக்கும் நீர்ப்பை அழற்சி கொள்வது.

செருப்புதானே காரணம் என்று கேட்கலாம். அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. 1958-இல் ஹாங்காங்கிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், ஷூ அணிந்து பழகியவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்தக் கோளாறு இருந்தது. வெறுங்காலில் நடந்தவர்களில் 2 சதவீதத்தினருக்குத்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டி எடுத்த 177 இடைக்கால எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவும் அதே பக்கம் பேசுகிறது: 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம், கூர்முனைக் காலணி நாகரிகமாகிவிட்ட 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதம். ஆனால் இதே எண்களை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் ஷூ அணிந்த மூவரில் இருவருக்கு ஒன்றுமே இல்லை. செருப்பே போடாத சிலருக்கு இருந்தது. ஒரே கடையில் ஒரே மாதிரிச் செருப்பு வாங்கும் அக்காள் தங்கையரில் ஒருத்திக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதைச் செருப்பைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

அப்படியானால் எல்லாம் பரம்பரை என்று கைகழுவிவிடலாமா? நோயாளிகளில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இது இருப்பது உண்மைதான். ஆனால் பெற்றோர் தருவது முண்டை அல்ல. எலும்புத் தலையின் வடிவம், மூட்டின் தளர்வு, நடுப்பாத எலும்பு நிற்கும் கோணம் ஆகிய அமைப்பைத்தான். அந்த அமைப்பின்மேல் குறுகிய முனைக் காலணி வந்து அழுத்தும்போது சாய்வு வேகமெடுக்கிறது. எலும்பு முதலில் சாய்ந்ததா, விரல் முதலில் தள்ளியதா என்று நிபுணர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். என் பார்வையில் இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை தேவையில்லை. எது தொடங்கினாலும் மற்றது அதை வளர்க்கிறது.

விரலை நிமிர்த்தும் பட்டைகளும் சிலிக்கோன் இடைச்செருகிகளும் ஏமாற்றுவது இங்கேதான். மாட்டியிருக்கும்வரை விரல் நேராகும், சிலருக்கு வலியும் குறையும், கழற்றினால் பழையபடி. வளர்ந்தவர்களின் எலும்புக் கோணத்தை அவை நிரந்தரமாக மாற்றுவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வலியைக் குறைக்க அணியுங்கள், தவறில்லை; விரல் நிமிரும் என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தைகளுக்குப் பாதத்தாங்கி போட்டால் தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தையும் 1994-இல் வெளியான பிரிட்டன் சோதனை பொய்யாக்கியது; தாங்கி அணிந்த பிள்ளைகளுக்கும் மூன்று ஆண்டுகளில் கோணம் கூடத்தான் செய்தது.

“செதுக்கி எடுத்தால் தீர்ந்தது” என்பதும் பழைய நம்பிக்கை. துருத்தும் பகுதியை மட்டும் சீவிவிட்டால், சாய்ந்த எலும்பு சாய்ந்தபடியே இருக்கும். முண்டு திரும்ப வரும். அதனால்தான் இன்றைய அறுவைகளில் பெரும்பாலானவை எலும்பை வெட்டி நகர்த்துகின்றன, அல்லது 1934-இல் லாப்பிடஸ் என்ற மருத்துவர் விவரித்த வழியில், நடுப்பாதத்தின் அடிமூட்டையே நேராக்கி இணைக்கின்றன. கோணம் சரியாகத் திருத்தப்படாவிட்டால் இவற்றுக்குப் பிறகும் விரல் மீண்டும் சாயலாம். ஆகவே வலி இல்லாதவர்கள் அழகுக்காக மட்டும் கத்தியை நாட வேண்டாம். முன்பக்கம் அகலமான காலணிக்கு மாறினால் பலருக்குப் போதும். ஓரிரவில் திடீரென்று சிவந்து தாங்க முடியாமல் வலித்தால் அது யூரிக் அமில மூட்டுவாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. சர்க்கரை நோயாளிகள் முண்டின்மேல் தோல் உரிந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவைக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என் எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா, கோணம் எவ்வளவு?