டேலி ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஆன்டிவைரஸ் ஓடினால் டேலியில் பில் போடவே நேரமாகிறது. டேலி ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: விலக்கலாம், ஆனால் முதலில் காரணத்தை உறுதி செய்யுங்கள். பில் சேமிக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' மேலே ஏறி நின்றால், தாமதத்துக்குக் காரணம் விண்டோஸின் ஸ்கேன்தான். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டா ஃபைல்கள் மாறும். மாறியதை அது மறுபடி சோதிக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' வழியாக 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதிக்குப் போய், டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் சேருங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் அந்த விலக்கு பொருந்தும். அதனால் முழு சி டிரைவையோ, டவுன்லோட்ஸையோ, பென் டிரைவையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். விலக்கிய இடத்தில் வைரஸ் புகுந்தால் தடுக்க ஆளிருக்காது. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்' என்று கேட்கும் திருட்டு சாஃப்ட்வேரையும் தொடாதீர்கள்.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற கெடுதல் சாஃப்ட்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படி ஒன்று வந்தால் கணக்கைக் காப்பது பேக்கப்தான். கடையை அடைக்கும் முன் தினமும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுங்கள். எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.